வெளியாள் இருக்கும்போது

கைக்குட்டை வாங்க வந்து வழி தவறி நுழைந்தவரை மூன்று ஜோடிச் செருப்போடு அனுப்பி வைத்தவன் என்று கடைத்தெருவில் அந்தச் செருப்புக்கடைக்காரனுக்குப் பெயர் உண்டு. அப்பேர்ப்பட்டவன் பள்ளிக்கூடத்தில் ஒரு குட்டை நாற்காலியில், முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்துகொண்டு, தன் மகளிடமிருந்து ஒரே ஒரு வார்த்தையைக் கிளப்ப முடியாமல் வேர்த்துக்கொண்டிருந்தான்.

"உன் பேர் என்னம்மா?" என்றார் டீச்சர்.

மகள் டீச்சரின் பேனா மூடியைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். வாய் மட்டும் பூட்டிய கடை மாதிரி இருந்தது.

"சொல்லு தங்கம். வீட்ல சொல்லுவியே." சொல்லிப் பார்த்தான். முதுகைத் தடவினான். வெளியே போனதும் பலூன் என்றான். பலூன் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகியும் எதிர்ப்பக்கம் அசையவில்லை.

டீச்சர் நல்ல மனுஷி. கோபப்படவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. கத்துகிறவர்களிடம் பேரம் பேசலாம், சிரிக்கிறவர்களிடம் என்ன பேசுவது?

"எனக்கு எழுத்து வேண்டாம், நம்பர் வேண்டாம். அதெல்லாம் சொல்லிக் குடுக்கத்தான் நாங்க இருக்கோம். பேர் சொல்லணும். தண்ணி வேணும்னா கேக்கணும். பாத்ரூம் வந்தா சொல்லணும். ஒரு வகுப்புல முப்பது பேர். யார் முகத்தைப் பாத்து எதை நான் கண்டுபிடிக்கிறது? ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா, ஒரு வருஷம் போகட்டும்."

வாசல் தாண்டித் தெருமுனை திரும்பியதும் மகள் ஆரம்பித்தாள். "அப்பா, அந்த டீச்சர் பேனாவுக்கு மூடி வேற கலர். அந்த நாற்காலி எனக்குச் சரியா இருந்துச்சு, உனக்குத்தான் சின்னது. பலூன் நாலுன்னு சொன்னியே, எங்க?"

வாணலியில் போட்ட மாதிரிப் பொரிந்துகொண்டே இருப்பாள் என்றுதான் வீட்டில் அவளுக்குப் பட்டாணி என்று பேர். அந்தப் பேர் வீட்டைத் தாண்டி யாருக்கும் விளங்காது. வெளியே அவள் 'அடக்கமான புள்ள'. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும், "சத்தமே இல்லாம உக்காந்திருக்கே, குடுத்து வெச்சவர் நீங்க" என்பார்கள். அவனும் தலையை ஆட்டிக்கொண்டு அந்தப் பாராட்டை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வான்.

"ரெண்டு வருஷமா அடக்கம் அடக்கம்னு பீத்திக்கிட்டீங்க இல்ல?" என்றாள் அவன் மனைவி. பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடி ஓட்டை வழியாகப் பேசிப் பழகியதால், வீட்டிலும் எதிராளி சில்லறை தேடும் முன்பே அடுத்த ஆளைக் கூப்பிடும் வேகம். "ஒரு வருஷம் போகட்டும்னா, ஒரு வருஷம் உங்க பெட்டிங்களுக்கு நடுவுலயா வளரும்? அப்புறம் மட்டும் எப்படிப் பேசும்?"

"பயப்படாத. நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்து வளந்ததுதான் இது."

 அது எவ்வளவு உண்மை என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

மற்ற எல்லா ஏற்பாடும் ஜரூராக நடந்தது. பட்டன் போடப் பழகினாள். கீழிருந்து மேலே போட்டால் கோணாது என்று அவளே கண்டுபிடித்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் பழகினாள். பையில் எது எந்த அறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அப்பா டீச்சராக நடித்தால், "டீச்சர், பாத்ரூம் போகணும், அவசரம், அப்புறம் தண்ணியும் வேணும், ஆனா முதல்ல பாத்ரூம்" என்று கோரிக்கைகளை வரிசைப்படுத்தியே சொன்னாள். வீட்டுக்குள் அவள் பள்ளிக்கூடத்தையே நடத்துவாள்.

வெளியாள் ஒருத்தர் வேண்டும் என்று தோன்றி, பக்கத்துக் கடை குடைக்காரரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்து வந்தான். மனிதர் ஒரு நீளக் குடையை ஊன்றிக்கொண்டு, மூக்கு நுனியில் கண்ணாடியைத் தொங்கவிட்டு, பள்ளிக்கூடத்தையே கண்டிராத ஒருவர் நினைக்கிற டீச்சராக வந்து நின்றார்.

"என்ன பாப்பா, பேர் என்ன?"

அவர் கால் நிலைப்படியைத் தாண்டியபோதே மகளின் வாய்க்கடை சாத்தியாயிற்று.

"சரி, பேர் வேண்டாம். தண்ணி வேணுமா? ஆமான்னு தலையாட்டு போதும். சொல்லப்போனா நானே நாலாங்கிளாஸ் வரைக்கும் தலையாட்டித்தான் பாஸ் பண்ணேன்."

"அண்ணே, தலையாட்டலுக்கு அங்க மார்க் இல்ல. வாயால வரணும்" என்றான் அவன். "சொல்லும்மா. சொன்னாத்தான் அண்ணன் போவாரு."

கால் மணி நேரம் போயிற்று. மகள் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. பின்னல் இறுகிற்று, முகம் சிவந்தது. பிறகு தரையில் மெல்ல ஈரம் பரவியது. அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

குடைக்காரர்தான் முதலில் பேசினார். "பரவாயில்லடா கண்ணு. எனக்கு ஈரம்னா லாபம்தான்." சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

மனைவி துணியை எடுத்து வந்து துடைத்தாள். திட்டவில்லை. துடைத்து முடித்துக் குந்தியபடியே, "முப்பது பேர் முன்னாடி இது நடந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் கடையில் தலைக்கு மேல் வேலை. பள்ளிக்கூடம் திறக்கும் முன் வரும் பத்து நாள்தான் செருப்புக்கடைக்கு அறுவடை. ஊரில் உள்ள சின்னக் கால்கள் எல்லாம் அவன் மடியில் ஏறி இறங்கும். ஒவ்வொரு காலையும் பலகையில் வைத்து அளந்து, ஷூவை மாட்டி, முன்பக்கம் கட்டைவிரலால் அழுத்தி, "இடிக்குதா ராஜா? வலிக்குதா? நடந்து காட்டு" என்பான். பெற்றவர்கள்கூட இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்று அந்தக் கால்கள் நினைத்துக்கொண்டிருக்கும்.

மகளுக்கும் ஒரு ஜோடி அன்று காலையிலேயே எடுத்து வைத்தான். கூட்டம் வரும் முன் அவசரமாக மாட்டிவிட்டு, "நாள் முழுக்கப் போட்டுக்கோ, பழகிடும்" என்றான். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க மறந்துவிட்டான். ஊருக்கே பார்த்த விரல் வீட்டுக்கு வரும்போது வேறு வேலையாகப் போய்விட்டது.

நாள் முழுக்க அவள் பெட்டிகளுக்கு நடுவே தன் முக்காலியில் இருந்தாள். சாயங்காலம் கடைசி ஆள் போய், ஷட்டரைப் பாதி இறக்கியதும் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, வலிக்குது."

கழற்றிப் பார்த்தான். குதிகாலில் காலணா அகலத்துக்குத் தோல் உரிந்து, சாக்ஸ் அதில் ஒட்டியிருந்தது. சாக்ஸைப் பிரிக்கத் தண்ணீர் விட வேண்டியிருந்தது.

"ஏன்டா, எப்பலேர்ந்து?"

"காலையில."

"காலையிலேர்ந்தா? நான் இங்கதானே இருந்தேன்? சொல்ல வேண்டியதுதானே?"

"ஆள் இருந்தாங்களே." அவள் குரலில் அப்பாவுக்கு இது தெரியாதா என்கிற ஆச்சரியம். "ஆள் இருக்கும்போது வாயத் திறந்தா கடை போயிடும்னு நீதானே சொன்ன."

அவன் சாக்ஸைக் கையில் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு வருஷம் முந்தி. மகளுக்கு மூன்று வயது. ஒரு அம்மாளிடம் செருப்பு ஒன்றைக் காட்டி, இதற்குமேல் குறைத்தால் என் கைப்பணம் போகும் என்று அவன் உருகிக்கொண்டிருந்த நேரம். பெட்டிகளுக்கு நடுவிலிருந்து மணி மாதிரி ஒரு குரல்: "அப்பா, நேத்து அந்த மாமாவுக்கு இதையே பாதிக்குக் குடுத்தியே." அந்த அம்மாள் சிரித்தாள். வெளியே நின்ற குடைக்காரர் சிரித்தார். தெருவே இரண்டு நாள் சிரித்தது. அவன் மகளை உள்ளே தூக்கிப்போய், பெட்டி அடுக்குகளுக்கு இடையில் நிறுத்தி, முகத்துக்கு நேராக விரலை நீட்டி அப்படிச் சொன்னான். அடிக்கவில்லை. ஒரே ஒரு தடவைதான் சொன்னான். மறுநாளே மறந்தும் போனான்.

மற்றவர்களுக்குப் பத்துத் தடவை சொன்னாலும் ஏறாதது, அவளுக்கு ஒரே தடவையில் ஏறியிருந்தது. சரக்கு அவனுடையது. விற்றவனும் அவன்தான். திருப்பி எடுத்துக்கொள்வதில்லை என்று கடையில் பலகை மாட்டியிருப்பவனும் அவனே.

"பட்டாணி, அது அப்பா சும்மா சொன்னது. நீ பேசலாம். யார்கிட்ட வேணா பேசலாம். கடை போகாது."

அவள் யோசித்தாள். கடைக்காரர் பெண் யோசிக்கிற மாதிரி, தலையைச் சாய்த்து.

"இதுக்கு மேல குறைக்க முடியாதுன்னு சொல்லுவ. அப்புறம் குறைப்ப."

"அது யாவாரம்டா."

"கடை போகாதுன்னு சொல்றதும் அப்படித்தானே?"

வியாபாரத்தில் அவனை இப்படி யாரும் மடக்கியதில்லை. அன்று வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மகளின் குதிகாலில் மருந்து தடவி முடித்தாள்.

"ரெண்டு வருஷமா அது நம்ம கடையைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு. காவக்காரன் சம்பளம்கூட இல்லாம" என்றாள் கடைசியில். "பேசிப் புரியவைக்காதீங்க. உங்க பேச்சைத்தான் அது நம்பலையே."

மறுநாள் அவன் மகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டான். நான் யாரிடமாவது விலையைக் கூட்டிச் சொன்னால், நீ உடனே சொல்லிவிடு. கடை போகிறதா இல்லையா, இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.

"போயிட்டா?"

"போகாது."

அவள் கை நீட்டவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் வேண்டுமென்றே வாய் கூசும் விலையெல்லாம் சொல்லி மகளைத் திரும்பிப் பார்த்தான். வந்தவர்களில் பலர் முறைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள், பேரம் பேசி நின்ற ஒன்றிரண்டு பேருக்குக் குறைத்துக் கொடுத்தான். அவள் உதட்டை மடித்துப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுவடைக் காலத்தில் இவன் ஏன் இப்படி ஆளை விரட்டுகிறான் என்று குடைக்காரர் மூளை டாக்டர் விலாசம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டு வாரம் முடிந்தது.

அதே அறை, அதே குட்டை நாற்காலி. இந்தத் தடவை மனைவியும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மகள் காலில் ஒரு அளவு பெரிய புது ஷூ.

"உன் பேர் என்னம்மா?"

மகள் பேனா மூடியைப் பார்த்தாள்.

"தண்ணி வேணுமா?"

ஜன்னல்.

டீச்சர் நோட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். அந்த இழுப்பு என்ன என்பது மனைவிக்குத் தெரியும். அவளும் தினமும் இப்படித்தான் ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்துகிறாள். அவள் கை கணவனின் முழங்கையைத் தேடிப் பிடித்தது.

சொல்லப்போவதைச் சொல்லக் கூச்சப்பட்டவர் போல டீச்சர் வேறு பேச்சை எடுத்தார். "ஷூ அழகா இருக்கே. உங்க கடைதானா? எங்க அக்கா பொண்ணுக்கும் இதே மாதிரிதான் வேணும். என்ன விலை?"

மகளின் ஒரு வருஷத்தைக் கையில் வைத்திருக்கும் மனுஷியிடம் பேசுகிறோம் என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சும்மா எடுத்துக்கோங்க என்றிருப்பான். தும்மல் வருவது போல வாய் தானாகத் திறந்தது. வழக்கமான விலை வந்தது, வழக்கமான வாலோடு: "உங்களுக்குன்னா இந்த விலை. இதுக்கு மேல குறைக்க முடியாது."

சட்டை கீழே இழுபட்டது.

"அப்பா." வறண்ட குரல், டப்பாவின் மூடி திறப்பது போல. "நேத்து அந்த அத்தைக்குக் குறைச்சுதானே குடுத்த."

 மனைவியின் நகம் அவன் முழங்கையில் பதிந்தது. அவனுக்குக் காது வரை சுட்டது. இது நடிப்பில்லை, ஒப்பந்தமும் நினைவில் இல்லை, அசல் பொய்யில் அசலாகவே மாட்டிக்கொண்டான்.

"ஆமா டீச்சர்," என்றான். "குறைச்சுதான் குடுத்தேன். புள்ள சொல்றதுதான் விலை." பிறகு, நிறுத்த முடியாமல், அந்தப் பெட்டி அடுக்கு, நீட்டிய விரல், இரண்டு வருஷம், எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். வெளியாள் ஒருத்தரிடம் அவன் தள்ளுபடி இல்லாமல் உண்மை பேசியது அதுதான் முதல் தடவை.

டீச்சர் சிரிக்கவில்லை. மகளிடம் குனிந்து, "இப்ப உன் பேர் சொல்றியா?" என்றார்.

வாய் மறுபடி சாத்திக்கொண்டது. மகள் எழுந்து நின்றுவிட்டாள். அவள் கண் கதவின் மேலேயே இருந்தது.

"ஒரு வாக்கியம் வந்திருக்கு," என்றார் டீச்சர். "பேரும் வரலை, தண்ணியும் வரலை. ஆனா தானா வந்திருக்கு. திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க. முதல் வாரம் நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க. ஒரு மாசம் பாப்போம். அதுக்கப்புறமும் இல்லைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

தெருவில் இறங்கியதும் மகள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கடைத்தெருப் பக்கம் நடந்தாள், அப்புறம் ஓடினாள், குதிகால் வலியோடு ஒரு காலைச் சாய்த்துக்கொண்டு.  பட்டாணி பொரியாமல் அவ்வளவு தூரம் நடந்ததே இல்லை.

முனை திரும்பினார்கள். ஷட்டர் இருந்தது. பலகை இருந்தது. தொங்கவிட்ட ஒற்றைச் செருப்புகளும் இருந்தன. அவள் கிட்டப் போய் ஷட்டரை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள், அப்பா ஷூவின் முன்பக்கத்தை அழுத்துவது போலவே. அப்புறம் பூட்டையும் ஒரு தடவை ஆட்டினாள்.

"என்ன பாப்பா, கடை சரியா இருக்கா?" என்றார் பக்கத்திலிருந்து குடைக்காரர்.

அவள் அவரைப் பார்த்தாள். உதடு திறக்கப்போவது போல இருந்தது. மூடிக்கொண்டது. அப்பாவின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, அவன் காதுக்கு வந்தாள்.

"திங்கட்கிழமையும் இருக்குமா?"

இருக்கும் என்று சொல்ல வாய் வந்தது. அந்த வாயின் மேல் அவனுக்கே நம்பிக்கை இல்லை.

"பள்ளிக்கூடம் விட்டதும் நேரா வந்து பாத்துரலாம்," என்றான். "தினமும் பாக்கலாம்."

அவள் தலையாட்டினாள். மனைவி அவள் முன்னால் குந்தி, ஷூவைக் கழற்றி, குதிகால் புண்ணில் மறுபடி ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.