ஒன்பது வோல்ட்டில் அணைய வேண்டும்

ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஜாஸ்மின் தன் மேசையைக் கீழே இறக்கி, பட்டினப்பாக்கம் குடியிருப்பின் வாசலில் போட்டாள். பக்கத்து பிளாக்கில் யாரோ ஸ்கூட்டர் பேட்டரியைச் சார்ஜ் போட்டு வீட்டையே எரித்துக்கொண்டதிலிருந்து, குடியிருப்புத் தலைவர் தேசப்பனுக்கு லித்தியம் பேட்டரி என்ற பேச்சே ஆகாது. மீன்கடை விளக்குகளுக்கு வீட்டிலேயே பேட்டரி செய்து விற்பவளை விட்டுவைப்பாரா? "எல்லார் முன்னாடியும் டெஸ்ட்டு பண்ணிக் காட்டு. சொதப்பிடுச்சுன்னா சாமானெல்லாம் வெளிய போயிடணும்" என்று சொல்லிவிட்டார். வேறு இடம் பிடிக்க அவளுக்கு வழியில்லை. தொழிலே போய்விடும்.

மேசையில் பேட்டரி செல் ஒன்றுகூட இல்லை. செல்களுக்குப் பதிலாக மின்சாரம் கொடுக்கும் ஒரு பெட்டி, அவள் கையால் செய்த பாதுகாப்பு சர்க்யூட், ஒரு கார் பல்பு, அவ்வளவுதான். வோல்ட்டைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒன்பதில் சர்க்யூட் பல்பை அணைத்துவிட வேண்டும். அதற்குக் கீழே இறங்க விட்டால் செல் கெடும். கெட்ட செல்லைச் சார்ஜ் போடுவதில்தான் ஆபத்து.

பெட்டியின் குமிழைத் திருப்பினாள். பத்து. ஒன்பது. எட்டரை. பல்பு வெட்கமே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

யாரோ சிரித்தார்கள். தேசப்பன் எழுந்தார். "பாத்தியா? கட்டு மூட்டைய."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் முதலில் தன் மேலேயே. "இன்னா எரிஞ்சுபோச்சு மாமா? யாருக்கு இன்னாச்சு? செல்லு மாட்றதுக்கு முன்னாடியே தப்பு தெரியணும்னுதான் டெஸ்ட்டு பண்றது. அந்த பிளாக்குல யாராச்சும் பண்ணியிருந்தா வீடு நின்னிருக்கும்."

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல."

"நான் இன்னும் முடிக்கல."

சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள். மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய சின்னப் பாகம் உள்ளுக்குள் ஒட்டிப்போயிருந்தது. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியது. சோதிக்காமல் வைத்தது அவள் தப்பு. புதியதை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டு அரை மணியில் இறங்கி வந்தாள். கூட்டம் பாதி கலைந்திருந்தது. தேசப்பன் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். அதை அவர் கையிலிருந்து வாங்கி விரித்து, மேசைக்கு எதிரில் போட்டாள்.

"இந்தத் தடவ நீங்களே திருப்புங்க. நான் தொட மாட்டேன்."

"எனக்கு இன்னா தெரியும்?"

"நம்பரு படிக்கத் தெரியும்ல. மெதுவா."

அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு குமிழைப் பிடித்தார். பதினொன்று. பத்து. கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னும் குனிந்தார். பல்பு அவர் முகத்துக்கு நேரே எரிந்தது. ஒன்பதரை.

"மூச்சு விடுங்க மாமா" என்றாள் ஜாஸ்மின், கைகளைக் கட்டிக்கொண்டு.

ஒன்பதே கால்.