இரண்டு பக்கமும் வெட்டு

"கோணல் தெரியாம வரணும்மா," என்றார் பொன்னுரங்கம். சொல்லி முடிப்பதற்குள் வாயின் இடது ஓரத்தில் எச்சில் வழிந்தது. கூட வந்த மகள் கீதா துண்டால் ஒற்றிவிட்டாள்.

"வரும் மாமா. நேரா பாருங்க."

ஹேமாவதி பழவேற்காட்டுக் கடைத்தெருவில் பதினெட்டு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறவள். பார்க்கச் சகிக்காத படம் ஒன்றுகூடத் தன் கடையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அவள் பிடிவாதம். அம்மைத் தழும்போ, தெற்றுப்பல்லோ, ஒன்றரைக் கண்ணோ, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சரிபண்ணிவிடுவாள். எடுத்தபடியே இருக்கிற படத்தை யாருக்கும் காட்டமாட்டாள். "நல்லா வந்திருக்கு" என்பாள், அவ்வளவுதான். ஆரம்பத்தில் அதைச் சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இப்போது காலையில் ஷட்டரைத் தூக்குகிற மாதிரிதான் அதுவும்.

"எதுக்கு மாமா படம்?"

"பாட்டுக்கு."

ஏரியில் இறால் விழுகிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். குப்பத்து ஆண்கள் முறை வைத்துக்கொண்டு அங்கே வலை போடுவார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறவனுக்குத்தான் முறை. இந்தத் தடவை தலைவர் வரதன் ஆளுக்கொரு அட்டை, அட்டையில் ஒரு போட்டோ என்று புதிதாக ஏற்பாடு செய்திருந்தார்.

"எங்க வீட்ல நைனா பேரு ஒண்ணுதான்க்கா பட்டியல்ல," என்றாள் கீதா. "என் வீட்டுக்காரருக்கு ஊரு திருப்பாலைவனம். வயக்காட்டு ஆளுக்கு ஏது பாடு? வாதம் வந்தவருக்கு எதுக்கு முறைன்னு பசங்க பேசிக்கிறானுங்க. பேர எடுத்துட்டா அதோட போச்சு."

"படகுல ஏறுவேன். வலையும் புடிப்பேன்," என்றார் பொன்னுரங்கம். "இந்த மூஞ்சிதான் மானத்த வாங்குது."

பதினொரு படம் எடுத்தாள். பதினொன்றிலும் கண், கன்னம், வாய் என்று இடது பாதி மொத்தமாக இறங்கிக் கிடந்தது.

"நல்லா வந்திருக்கு மாமா."

"காட்டேன், பாப்பம்."

"நாளைக்கு வாங்க. பிரிண்ட்டா பாருங்க."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்தாள். நன்றாக இருந்த வலது பாதியை வெட்டி, திருப்பி, இடது பக்கத்தில் ஒட்டினாள். வாய் நேராக நின்றது. அவள் வாயை மட்டும்தான் பார்த்தாள். புருவத்தைப் பார்க்கவில்லை.

நாலு நாள் கழித்து வரதன் வந்தார். அட்டைக்கு வந்திருந்த பொன்னுரங்கத்தின் போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இன்னா ஹேமா, ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணா."

"மாமாவுக்குப் புருவத்துல ஒரு வெட்டு கீதே, அது யார் போட்டது தெரியுமா? நான்தான். இருபது வருஷம் முன்ன, படகத் திருப்பும்போது கழி கைதவறிப் பட்டுடுச்சு. நான் அடிச்சது ஒரு அடி. இன்னொரு பக்கம் நீ எப்பம்மா அடிச்ச?"

படத்தில் இரண்டு புருவத்திலும் ஒரே அளவில், ஒரே இடத்தில் வெட்டு இருந்தது. வேறு யாரோ செய்த வேலையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஹேமாவதி.

"ஒரு பக்கம் எடுத்துத் தரேன்ணா. ரெண்டு நிமிஷம்."

"இன்னுமா? தாயே, எடுத்தத எடுத்தபடி குடு. அவருக்கு வாதம்னு குப்பத்து நாய்க்குக்கூடத் தெரியும். படகுல ஏறுவாரா, வலை புடிப்பாரா, அதான் எங்களுக்கு வேணும். வாய் நேரா இருந்தாத்தான் பாடுன்னு எவன் சொன்னான்? இப்ப பசங்க கையில இது மாட்டிகிச்சு. மூஞ்சியே டூப்புன்னா மத்ததெல்லாம் இன்னா லட்சணமோன்றானுங்க. அசல் படம் ஒண்ணு குடுத்தின்னா சத்தமில்லாம ஒட்டிட்டுப் போறேன்."

பதினொன்றும் கம்ப்யூட்டரில் இருந்தன. அதில் ஒன்று அட்டையில் ஏறும். அறுபது பேர் கைமாறும். பின்னால் அவள் கடை முத்திரை இருக்கும்.

"அழிச்சுட்டேன்ணா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

வரதன் போட்டோவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"புதுசா எடுக்கலாம்னா ஆளு இல்ல. மகளோட பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு, அங்கேர்ந்து நேரா சாயந்திரம் அட்டை ஒட்டுற கூட்டத்துக்கு வராரு. சரி வுடு."

அவர் போன பிறகு ஹேமாவதி ஒரு கல்யாண ஆல்பத்தை முடித்தாள்.

மறுநாள் காலையில் கீதா தனியாக வந்தாள். படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பேரு போச்சுக்கா."

"படகுல ஏற முடியலையா?"

"ஏறினாரே. ஏறி எறங்கிக் காட்டினார். வலையக்கூட மடிச்சு வெச்சார். வரதண்ணா, போதும்ப்பா ஒட்டுங்கன்னார். பசங்கதான் வுடல. படத்த நைனா கையில குடுத்து, இது நீதானான்னு அம்மன் படியில கை வெச்சுச் சொல்லு தாத்தான்னானுங்க."

"ஆமான்னு சொல்லவேண்டியதுதானே?"

"படியில கை வெச்சு எங்காளுங்க பொய் சொல்லமாட்டாங்கக்கா. ரொம்ப நேரம் படத்தையே பாத்துகினு இருந்தார். நான் இல்லன்னுட்டார்."

கீதா துண்டின் முனையை முறுக்கினாள்.

"வாதம் வந்த நாள்லேர்ந்து ஒரு வார்த்த ஒழுங்கா வந்ததில்ல. அது மட்டும் சுத்தமா வந்துச்சு."

அட்டையில் இருப்பது அவர் இல்லையென்றால் அட்டை அவருடையது இல்லை. அட்டை இல்லாதவருக்கு முறை இல்லை. அடுத்த பட்டியல் எழுத இன்னும் மூன்று வருஷம் ஆகும்.

ஹேமாவதி கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அந்தக் கோணல் படத்த ஒரு தடவ பாக்கணும்னு நைனா கேட்டார்க்கா. 'அவ எனக்குக் காட்டவேயில்ல'ன்றார். நீ எல்லாத்தையும் அழிச்சுட்டேன்னு வரதண்ணா சொன்னார். ஒண்ணுகூடவா இல்ல?"

இன்னொரு தடவை இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரையைத் திருப்பி வைத்துத் திறந்தாள். பதினொரு பொன்னுரங்கமும் வரிசையாக வந்தார்கள்.

"இருக்கே."

"இருக்கு."

"நேத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு."

திட்டுவாள் என்று நினைத்தாள். கீதா திட்டவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். மூன்றாவதில் எச்சில் பளபளக்க, நல்ல பக்கம் மட்டும் லேசாகச் சிரிக்க, பொன்னுரங்கம் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது."

ஹேமாவதி எதையும் தொடாமல் அப்படியே பிரிண்ட் போட்டாள். கீதா இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"எப்பவும் ஒண்ணு சொல்லுவியே. சொல்லல?"

ஹேமாவதி வாயைத் திறந்தாள்.

"ஈரமாக் கீது," என்றாள். "காயற வரைக்கும் மடிக்காத."