பச்சைப் பைக்காரம்மா

பதினெட்டு வருடமாக நான் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களைப் பார்த்ததும் எந்த ஃப்ரேம் எடுக்கும், எது எடுக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். "இதப் போட்டா நீங்க யார்கிட்டயோ சண்டைக்குப் போற மாதிரி இருக்கு சார், கழட்டிடுங்க" என்பேன். முதலாளியம்மா ஆரம்பத்தில் பதறினார். வாடிக்கையாளர்கள் என்னையே தேடி வருவதைப் பார்த்த பிறகு கண்டுகொள்வதில்லை.

கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிதான். ஆனால் எல்லாம் முகம் மட்டும் தெரிகிற சின்னக் கண்ணாடிகள். கழுத்துக்குக் கீழே நான் என்ன ஆனேன் என்று சொல்ல அங்கே யாரும் கிடையாது. போதாக்குறைக்கு என் முன்னால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கவுன்டர். அதற்குப் பின்னால் நின்றால் நான் யாருக்கும் பயப்படமாட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை முதலாளியம்மா என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ரெண்டு தெரு தள்ளி புதுக் கடை திறக்கறோம்ல, அதுக்கு நீங்கதான் பொறுப்பு. நான் முடிவே பண்ணிட்டேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வார்த்தையைக் கேட்க எத்தனை வருடம் காத்திருந்தேன்!

"அங்க கவுன்டரே கிடையாது. இப்பல்லாம் அதுதான் ஸ்டைலாம். நீங்க நடுவுல நடமாடிக்கிட்டே இருக்கணும். வாசலுக்கு நேரா ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு மாட்டறோம்."

தலையும் காலும் உடனே புரிந்துவிட்டன.

"முட்டி வலி இருக்கும்மா. யோசிச்சுச் சொல்றேன்."

"சனிக்கிழமை பதினோரு மணிக்குப் புதுக் கடைக்கு வந்து பதில் சொல்லுங்க. அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது. வேற ஆள் பாக்கணும்."

என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பூசினாற்போல் இருந்த காலமெல்லாம் போய் இப்போது நல்ல குண்டு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, காட்டத்தான் கூச்சம். என்னிடம் இருந்தவை எல்லாம் தோளிலிருந்து முட்டி வரை நேராக இறங்குகிற, சாம்பலும் பழுப்புமான டாப்ஸ்கள். அவற்றில் ஒன்றை மாட்டிக்கொண்டு பளபளக்கிற கடை நடுவில் நிற்பதா? அந்த வேலை எனக்கு வேண்டும். அந்த நடு இடம்தான் வேண்டாம்.

சும்மா விட மனமில்லாமல் புதன்கிழமை ஒரு ரெடிமேட் கடைக்குப் போனேன். விற்கிற பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, உங்க சைஸ் கடைசி வரிசை" என்றாள். கடைசி வரிசையில் கருப்பும் கருநீலமும் ஒரு அழுக்குப் பச்சையும் இருந்தன. மூன்றிலும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கள். குண்டானவர்களுக்குத் தோட்டம் போதும் என்று யாரோ ஒரு ஒல்லிப்பிச்சான் எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்திருக்க வேண்டும்.

"கருப்பு எடுத்துக்கோங்க ஆன்ட்டி, ஒல்லியாத் தெரிவீங்க."

"ஒல்லியாத் தெரிஞ்சா எங்க வீட்ல உள்ள விடமாட்டாங்களே" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

உடை மாற்றும் அறைக்குள் போய் அந்தக் கருப்பை மாட்டினேன். இடுப்புக்கு இரண்டு ஆள் நுழைகிற அகலம், கைக்கு மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை அளவு. பாதியில் சிக்கிக்கொண்டது. இரண்டு கையும் மேலே, தலை உள்ளே, வயிறு வெளியே. கடைசியில் அந்தப் பெண்தான் வந்து இழுத்துக் கழற்றினாள். மூச்சு வாங்க வெளியே வந்து ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றேன். அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை அவருக்கு. எதையும் அதிர்ந்து பேசமாட்டார்.

"வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

"ஒரு டாப்ஸுக்காகவா?"

"டாப்ஸ் இல்லங்க, பிரச்சினையே நான்தான்."

"நீ நல்லாத்தான் இருக்க."

"தட்டப் பாத்துச் சொல்லாதீங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க."

நிமிர்ந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்க" என்று அதே குரலில் சொல்லிவிட்டு மறுபடி தட்டுக்குத் திரும்பிவிட்டார். இந்த மனிதரோடு இருபத்தாறு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

இங்கே எங்கள் வீட்டுத் தையல் ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். பதினொரு வருடத்துக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்த சமயத்தில், தபால் நிலையத்துக்கு எதிரே இரண்டாவது மாடியில் இருக்கும் தையல்காரம்மாவிடம் என் துணியை அவர் கொண்டுபோய்க் கொடுத்தார். கூடவே அளவுக்கு ஒரு பழைய டாப்ஸ். தைத்து வந்தது சரியாகவே இருந்தது. நேரில் போகத் தேவையில்லை, டேப்பை இடுப்பில் சுற்றவிடத் தேவையில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாடா என்று இருந்தது. அதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை ஒரு பச்சைப் பையில் புதுத் துணியையும், கடைசியாகத் தைத்த டாப்ஸையும் வைத்துக் கொடுத்தனுப்புவேன். "அரை இஞ்ச் லூஸா வைக்கச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்புவேன். அலமாரியில் அடுக்கும்போது பார்த்தால் புதுசு பழசைவிட நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். சரி, மறுபடியும் உடம்பு போட்டுவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

சனிக்கிழமை வீட்டுக்காரருக்குக் காலை ஷிப்ட். வருடாந்தரப் பை கட்டி வைத்திருந்தது. புதுக் கடைக்குப் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வரப்போகிறேன், வழியில் பையைக் கொடுத்துவிட்டால் ஒரு வேலை முடியும் என்று நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தையல்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் டேப், மூக்கு நுனியில் கண்ணாடி. என்னைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்.

"அட, பச்சைப் பை! சார் வரலையா? அக்காவுக்கு எப்படி இருக்கு?"

"எந்த அக்காவுக்கு?"

"இந்தப் பைக்காரம்மாதான். நீங்க அவங்க தங்கச்சியா? பாவம், நான் அவங்களப் பாத்ததே இல்ல. வெளியில நடக்க முடியாதவங்க போலன்னு நெனச்சுக்குவேன். வருஷா வருஷம் அளவு ஏறிக்கிட்டே போகுது. டாக்டர்கிட்ட காட்டறாங்களா?"

"அந்த அக்கா நான்தான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். இடது தண்டு தளர்ந்திருந்தது, அந்த நேரத்திலும் கவனித்தேன்.

"நீங்களா? சும்மா சொல்லாதீங்க."

பையிலிருந்த டாப்ஸை எடுத்து உதறி என் முன்னால் பிடித்தார். நான் போட்டிருந்ததும் அதே தினுசுதான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார். பதினொரு வருடமாகத் தப்பித்து வந்தவள் இப்படித் தானாக வந்து மாட்டிக்கொண்டேனே என்று இருந்தது.

"கையத் தூக்குங்கக்கா. மார்பு நாப்பத்தஞ்சு. இடுப்பு நாப்பத்திரண்டு. கீழ நாப்பத்தெட்டு."

பிறகு அந்த டாப்ஸை மேசையில் பரப்பி அதையும் அளந்தார். இரண்டு தடவை அளந்தார்.

"மார்புச் சுத்து அறுபத்திரண்டு."

நானும் குனிந்து டேப்பில் இருந்த எண்ணைப் படித்துப் பார்த்தேன்.

"நான் வருஷத்துக்கு அரை இஞ்ச்தானே லூஸ் கேட்டேன்?"

"அரையா? சார் ஒரு இஞ்ச்னு இல்ல சொல்லுவாரு!"

உடனே வீட்டுக்காரருக்குப் போனைப் போட்டேன். எதிர்க் கட்டடத்திலிருந்து எடுத்தார்.

"ஏங்க, நான் அரை இஞ்ச்னு சொன்னா நீங்க இங்க வந்து என்ன சொல்லுவீங்க?"



"இல்ல... இறுக்கிப் பிடிக்குதுன்னு நீ திட்டினா நான் மறுபடியும் ரெண்டு மாடி ஏறணும்ல. அதான் இன்னொரு அரை சேத்துச் சொல்லிடுவேன்."

தையல்காரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "சார் அப்படிச் சொன்னதும், அந்தம்மா வெளிய வர முடியாதவங்க, இறுக்கமா இருந்தா கஷ்டப்படுவாங்களேன்னு நானும் அரை சேத்துடுவேன்."

ஆளுக்கு அரை இஞ்ச். வருடத்துக்கு ஒன்றரை. ஒவ்வொரு வருடமும் போன வருடத்து டாப்ஸ்தான் அளவு. பதினொரு வருடத்தில் நான் அப்படி ஒன்றும் பெருத்துவிடவில்லை. மூன்று பேர் சேர்ந்து துணியைப் பெருக்க வைத்திருக்கிறோம். அதைப் பார்த்துப் பார்த்து என் உடம்பை நானே திட்டித் தீர்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. பதினொரு வருடக் கோபமும் இந்த உடம்புக்கு வீணாக விழுந்த ஏச்சு என்று நினைத்தபோது என்னிடமே எனக்கு இரக்கமாக இருந்தது.

"எங்க கடைக்குப் பழைய கண்ணாடியக் கொண்டு வந்து, இதே அளவுல ஒண்ணு குடுன்னு கேட்டா நான் விரட்டிடுவேன்" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மூஞ்சியக் கொண்டு வாங்கம்பேன். எனக்குன்னு வந்தப்போ பாருங்க."

"நான் மட்டும் என்ன? இந்தக் கையால பதினொரு வருஷமா கூடாரம் தச்சிருக்கேன்." அவருக்கு உண்மையிலேயே ரோஷம் வந்துவிட்டது. "ஒரு குறை சொன்னதில்ல இந்தம்மான்னு பெருமை வேற. ஆமா, எங்கயோ கிளம்பி வந்த மாதிரி இருக்கே, எங்க?"

சொன்னேன். கவுன்டரைப் பற்றியும் சொன்னேன். எதற்காக வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்பதையும் மறைக்கவில்லை. மணி பத்தைத் தாண்டியிருந்தது.

"புதுசு தைக்க நேரமில்ல. போட்டிருக்கறதக் கழட்டுங்க. அந்தத் துண்ட மேல போத்திக்கோங்க."

கழற்றிக் கொடுத்தேன். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மறுபடி என் மேல் மாட்டிவிட்டார். வாயில் ஐந்தாறு ஊசிகளைக் கவ்விக்கொண்டே பேசினார்.

"குண்டா இருக்கறதெல்லாம் ஒரு விஷயமே இல்லக்கா. தோள் தையல் தோள்ல உக்காரணும். உங்களுது முழங்கையப் பாத்துப் போய்க்கிட்டு இருக்கு. அங்க தொங்கினா ஆளே தொங்குற மாதிரிதான் தெரியும். நெஞ்சுக்குக் கீழ கொஞ்சம் பிடிக்கணும். வயித்து மேல பிடிக்கக் கூடாது, தொட்டும் தொடாம விழணும். நீளம் இவ்வளவு எதுக்கு? நல்ல கால் இருக்கே."

ஊசி குத்தின இடமெல்லாம் வெள்ளை நூலால் அப்போதைக்கு நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டார். சாம்பல் துணியில் வெள்ளை நூல் பளிச்சென்று தெரிந்தது. திருப்பிப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றேன்.

எனக்கு இடுப்பு இருந்தது. பெரிய இடுப்புதான், ஆனால் இருந்தது. தோள்கள் நிமிர்ந்திருந்தன. அந்தச் சாம்பல் நிறம்கூட அவ்வளவு மோசமில்லை. கண்ணாடியில் நின்றவளைப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன், இந்தப் பக்கமும் பார்த்தேன். இவளைப் பார்த்தால் கடைக்குப் பொறுப்பானவள் என்று யாரும் சொல்லாமலே தெரியும் என்று பட்டது.

"சாயங்காலம் வாங்க, மெஷின்ல ஓட்டித் தர்றேன். அதுவரைக்கும் கைய ரொம்பத் தூக்காதீங்க" என்றார் தையல்காரம்மா. அவர் கண்ணாடியை வாங்கித் தண்டின் திருகாணியை நகத்தால் முடுக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

புதுக் கடையில் பெயின்ட் வாசனை. ஏணி மேல் ஒரு தச்சர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா கடை நடுவில் நின்று விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"அட! நல்லா இளைச்சிட்டீங்களே! ஒரே வாரத்துல என்ன பண்ணினீங்க?"

போன வாரத்து நானாக இருந்தால், ஆமாம்மா, ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு மாதம் ஓட்டியிருப்பேன்.

"இளைக்கலம்மா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "இடுப்பு நாப்பத்திரண்டு. போன வாரமும் நாப்பத்திரண்டுதான்."

ஏணி மேல் சுத்தியல் சத்தம் நின்றது. நான் நடந்து போய் முதலாளியம்மாவுக்குப் பக்கத்தில், கடைக்கு நட்டநடுவில் நின்றேன். தோளில் தொங்கின வெள்ளை நூலை அவர் பார்ப்பது தெரிந்தது. பார்த்தால் பார்க்கட்டும்.

"திங்கட்கிழமை எத்தன மணிக்கு வரணும்?"