நமீபியாவில் ஒரே கூடாரம்

1

இந்தக் கதை நான் யோசித்து எழுதியதல்ல. ஒட்டுக் கேட்டது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் வாக்குவாதத்தில் இருந்தார்கள். மூத்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும், இளையவளுக்கு முப்பது சொச்சம். இருவர் செருப்பிலும் கடற்கரை மணல். நகைக்கோ நிலத்துக்கோ சண்டை என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"மொதல்ல பாலைவனம். அப்பறம்தான் மிருகம்," என்றார் மூத்தவர்.

"மிருகத்த மொதல்ல பாத்துடலாம் அத்தை. மணல் மேடு ஏறி முட்டி புடிச்சுக்கிச்சுன்னா, கடைசியில புடிச்சுக்கட்டுமே."

"என் முட்டிக்காக ஆப்பிரிக்காவையே திருப்பிப் போடுவியா?"

நான் சிரித்துவிட்டேன். மூத்தவர் திரும்பினார்.

"என்னா தம்பி, ஆலப்பாக்கத்துலேருந்து காது இந்தப் பக்கமே இருக்கு?"

விருத்தாம்பாள் டீச்சர் எனக்குப் பழக்கமானது இப்படித்தான். மகளிர் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பக்கத்தில் இருந்தவள் தீபிகா, சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஆப்பிரிக்கா போகிறீர்களா என்று நான் வாயைப் பிளந்ததும், தீபிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மருமக இல்ல தம்பி," என்றார் டீச்சர். "போன தை வரைக்கும் மருமக. இப்ப கோர்ட்டுல விவாகரத்து ஆயிடுச்சு."

 அந்தப் பேருந்திலேயே நான் இதை எழுதுவதென்று முடிவு செய்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"தன் மகனின் வாழ்க்கையைக் கெடுத்தவள் மேல் விருத்தாம்பாளுக்குத் தீராத"

தீராத என்ன? கோபமா? அப்படி ஒன்றை நான் அந்தப் பேருந்தில் பார்க்கவில்லையே. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்:

"தீபிகா ஏன் பிரிந்துபோனாள் என்பது சிதம்பரம் மேலவீதி முழுக்க"

இதுவும் நிற்கவில்லை. யாராவது ஒருவரைக் கெட்டவராக்கினால் கதை தானாக ஓடும் என்பது என் தொழில் புத்தி. டீச்சரிடமே கேட்டேன். யார் மேல் தப்பு?

"ரெண்டும் நல்ல புள்ளைங்க. ஒண்ணா இருக்க முடியல. அதுக்கு மேல அதுல ஒண்ணும் கெடையாது. உனக்கு ஜாஸ்தி வேணும்னா நீயா எழுதிக்க."

(நான் எழுதிக்கொள்ளவில்லை.)

உண்மையில் நடந்தது இது. ஊரடங்கு நாட்களில் டீச்சரின் மகன் தமிழ்வேந்தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அலுவலக வேலை பார்ப்பான். கூடத்தில் மாமியாரும் புது மருமகளும் தொலைக்காட்சியில் விலங்குப் படம் பார்ப்பார்கள். ஒருநாள் நமீபியாவின் பாலைவனம் வந்தது. பனிமூட்டத்தில் ஒரு கறுப்பு வண்டு தலைகீழாக நின்றது. அதன் முதுகில் படிந்த ஈரம் துளியாகி, உருண்டு வாய்க்குள் இறங்கியது. டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். எத்தனையோ வருஷம் கரும்பலகையில் வரைந்த தகவமைப்பு, உயிரோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"இத நேர்ல பாக்கணும் தீபிகா."

"பாத்துடலாம் அத்தை."

அன்று தொடங்கியது திட்டம். கல்யாணம் முறிந்தது. திட்டம் முறியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சரே தீபிகாவின் வாடகை வீட்டுக் கதவைத் தட்டி, "செப்டம்பரா, அக்டோபரா?" என்று கேட்டிருக்கிறார்.*

* என் பாத்திரங்களில் ஒருவருக்குக்கூட இப்படி ஒரு வசனத்தை நான் எழுதியதில்லை. பொறாமையாக இருக்கிறது.

3

புதுச்சேரியில் பிரிசில்லா என்ற பெண் சிறு குழுக்களைத் தூர தேசங்களுக்கு அழைத்துப்போகிறார். பெரிய பஸ் கிடையாது. ஒரு வேன், ஓட்டுநரே வழிகாட்டி, பாதி இரவுகள் கூடாரத்தில். ஆறு பேராவது சேர வேண்டும், ஒருவர் குறைந்தாலும் பயணம் ரத்து. நெய்வேலியிலிருந்து ஒரு தம்பதி, புதுச்சேரியிலிருந்து இரண்டு தோழிகள், இவர்கள் இருவர். சரியாக ஆறு.

மாதத்தைத் தீர்மானித்தது டீச்சர். செப்டம்பரில் அங்கே வறட்சி முற்றியிருக்கும், காட்டில் தண்ணீர் வற்றிப்போய் யானை, வரிக்குதிரை, சிங்கம் எல்லாம் மிச்சமிருக்கும் குட்டைக்குத்தான் வந்தாக வேண்டும். நாம் தேடிப்போக வேண்டாம், கரையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பயிற்சி தீபிகாவின் பொறுப்பு. மணல்மேடு ஏற முட்டி பழக வேண்டுமென்று வாராவாரம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போய், தளர்ந்த மணலில் நடக்கவிட்டாள்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டாராம்: "என்னாம்மா, காணாமப் போனத தேடுறீங்களா?"

"இல்ல. இன்னும் பாக்காதத தேடுறோம்," என்றாராம் டீச்சர்.

டீச்சரின் கணவர் கதிர்வேல் குமராட்சியில் நிலத்தைப் பார்த்துக்கொள்பவர். சம்பாவுக்கு நாற்று விடும் நேரம், அவர் வரமாட்டார். "மண்ணு பாக்க அவ்வளவு தூரமா? சரி, போயிட்டு வா," என்றதோடு அவர் பங்கு முடிந்தது.

ஒருநாள் வீடியோ அழைப்பில் பிரிசில்லா கேட்டார்: "ஒரு கூடாரத்துல ரெண்டு பேர். நீங்க ரெண்டு பேரும் அம்மா பொண்ணா மேடம்?"

தீபிகா தலை குனிந்தாள். இந்த இடத்தில் டீச்சரின் வாயில் ஒரு நீண்ட பேச்சை வைத்துப் பார்த்தேன். பெண்களின் உறவு, சட்டம், மனசு என்றெல்லாம். டீச்சர் சொன்னது இவ்வளவுதான்:

"ரெண்டு பேரும் ஒரே கூடாரம். எழுதிக்கம்மா."

4

இங்கே கதைக்கு ஒரு சிக்கல் வேண்டுமே என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, சிக்கல் தானாகவே வந்தது.

தமிழ்வேந்தனுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் பெண் அமைந்தது. பெயர் சுவேதா. எல்லாருக்கும் பிடித்துப்போய் ஆவணிக் கடைசியில் நிச்சயதார்த்தம் என்று பெண் வீட்டார் நாள் குறித்தார்கள். அதே வாரம் டீச்சர் நமீபியாவில் இருக்க வேண்டும். அடுத்து புரட்டாசி, அதில் வைக்கமாட்டார்கள். தள்ளினால் ஐப்பசிக்குத்தான் தள்ள வேண்டும்.

"போக வேணாம்மா," என்றான் மகன். "அதுவும் அவ கூட. பொண்ணு வூட்டுல கேட்டா நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது?"

"உன் கல்யாணத்துல நான் குறுக்க நிக்கல தமிழு."

"நிக்கிறீங்கம்மா."

 அவன் தான் வேலை பார்க்கும் புதுச்சேரிக்குக் கிளம்பிப் போனான், பிறகு போன் செய்யவில்லை.

தீபிகாவுக்கு விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தாள். "நான் வெலகிக்கிறேன் அத்தை. வேற யாரையாச்சும் சேத்துக்கிட்டு நீங்க அடுத்த வருஷம் போங்க."

"அப்ப அந்த மத்த நாலு பேரு?"

"அவுங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"எங்கிட்ட?"

தீபிகா அழுதாள். டீச்சர் அவளை அழவிட்டார். அன்று ராத்திரி தனக்கும் தூக்கம் வரவில்லை என்று பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டார். தன் ஆசைக்காக, பெற்ற பிள்ளையின் இரண்டாவது வாழ்க்கையை உடைக்கிறோமா? ஒரு வண்டைப் பார்க்கவா இவ்வளவும்? கேட்டுக் கேட்டு, கடைசியில் காரணம் வண்டு இல்லை என்று அவருக்குத் தெளிந்திருக்கிறது. தீபிகாவை மறைக்க வேண்டிய ஆளாக்கிவிட்டு, புதிதாக வருகிறவளிடம் எப்படிச் சிரித்துப் பேசுவது? அதுதான் அவருக்கு முடியாமல் இருந்தது.

5

மறுநாள் டீச்சர் யாரிடமும் சொல்லாமல் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பஸ் ஏறினார். சுவேதாவின் அப்பா பழனிவேலுக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. காபி வந்தது. டீச்சர் டம்ளரைத் தொடுவதற்கு முன்பே பேசிவிட்டார்.

"சம்மந்தி, நிச்சயத்த ஐப்பசிக்குத் தள்ளணும். நான் ஊர்ல இருக்கமாட்டேன். நமீபியா போறேன்."

"அது எங்கங்க இருக்கு?"

"ஆப்பிரிக்காவுல, தெக்கால. பாலைவனமும் மிருகமும் பாக்க."

"யாரு கூட?"

(இந்த இடத்தில் நானாக இருந்தால் பொய் சொல்லியிருப்பேன். "கூட வேலை பாத்த டீச்சருங்க" என்றால் முடிந்தது. என் முதல் பிரதியில் டீச்சரையும் சொல்லவைத்தேன். பேனா நகர்ந்தது, அவர் நகரவில்லை.)

"தீபிகா கூட. என் புள்ளயோட மொத சம்சாரம்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. பழனிவேல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதவோரம் நின்றிருந்த சுவேதா முன்னால் வந்தாள்.

"உங்களுக்கும் அவுங்களுக்கும் சண்டையே கெடையாதா?"

"ஏன் இல்லாம? அவ யானை மொதல்லங்கறா. நான் மணல் மொதல்லங்கறேன்."

சுவேதா சிரிக்கவில்லை. அவள் கேட்டது வேறு என்று டீச்சருக்கும் புரிந்தது.

"அவுங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வரலம்மா. எனக்கும் அவளுக்கும் ஒத்து வந்துச்சு. அத நான் என்னா பண்றது? நாளைக்கி நீ வந்தா, உனக்கு வர மாமியாரும் இதே ஆளுதான். உங்கிட்ட ஒளிச்சு வெச்சுட்டுப் போக எனக்கு வரல."

"யோசிச்சு சொல்றோம்," என்றார் பழனிவேல்.

 நல்லது செய்தோமா, கெடுத்தோமா என்று திரும்பும் பஸ்ஸில் சேத்தியாத்தோப்பு வந்தும் டீச்சருக்குத் தெரியவில்லையாம்.

சில நாட்கள் போயின. பிறகு பழனிவேலிடமிருந்து போன் வந்தது. "ஐப்பசியிலயே வெச்சுக்கலாம் சம்மந்தி. எனக்கு மனசு ஒப்பல, நெசத்தச் சொல்றேன். பாப்பாதான் புடிவாதமா சொல்லிச்சு. நேர்ல வந்து சொல்ற மாமியாரு போதும்னு."

6

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. நெய்வேலித் தம்பதி பின்வாங்க, அந்த இடத்தில் சுவேதா வேனில் ஏறுகிறாள். (தித்திப்பு அதிகம். அடித்துவிட்டேன்.)

ஆ. மணல்மேட்டின் உச்சியில் டீச்சர் உட்கார்ந்துகொண்டு வாழ்க்கையைப் பற்றி ஏதோ (அவருக்கு வண்டைப் பார்க்கத்தான் நேரம் இருக்கும்.)

இ. தமிழ்வேந்தன் கடைசிவரை வரவில்லை.

இந்த மூன்றாவதைத்தான் வைத்துக்கொள்வதாக இருந்தேன். கிளம்பும் நாள் காலையில், வழியனுப்ப டீச்சர் வீட்டுத் தெருவுக்குப் போனேன். சென்னை விமான நிலையத்துக்குப் போகும் கார் வாசலில் நின்றது. தீபிகா ஆட்டோவில் வந்து இறங்கினாள். அந்த வீட்டுக்குள் போக அவளுக்குக் கால் வரவில்லை, எதிர்ப்புறத்தில் பெட்டியோடு நின்றாள். அப்போது உள்ளேயிருந்து தமிழ்வேந்தன் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ராத்திரியே வந்துவிட்டானாம். பையைக் காரின் பின்னால் வைத்தான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு தெருவைக் கடந்துபோய் தீபிகாவின் பெட்டியையும் எடுத்தான்.

எடுத்துக்கொண்டே அவளிடம் ஏதோ சொன்னான். நான் நல்ல தூரத்தில் நின்றிருந்தேன். சரியாக அந்த நேரம் ஒரு மினி பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டு எங்களுக்கு நடுவே புகுந்தது. ஒட்டுக் கேட்டே கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

பஸ் நகர்ந்தபோது தீபிகா சிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டளவில் அல்ல, கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்த சிரிப்பு. காருக்குள்ளிருந்து டீச்சர் குரல் கொடுத்தார்: "பேசி முடிச்சுட்டு வாங்க. ஃப்ளைட்டுக்கு நேரம் இருக்கு."

அவன் என்ன சொன்னான் என்று டீச்சருக்கும் தெரியாது. தீபிகாவிடம் கேட்க எனக்கு உரிமையில்லை. நான் எழுதிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றுக்குக்கூட அவள் அப்படிச் சிரிக்கமாட்டாள். அதனால் கீழே இடம் விட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பு வரும்படியாக ஒரு வாக்கியம் உங்களிடம் இருந்தால், எழுதிவிடுங்கள்.

"தீபிகா, ..................................."