பின்சீட்டில் பிரேக் இல்லை

அந்தத் தெருவில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவள் பிரேக்கக்கா. மீதிப் பேர் வேறு எங்கோ கற்றுக்கொண்டவர்கள்; அவர்கள் வண்டியைத் திருப்புகிற லட்சணத்தைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் பயிற்சிக் காரின் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்கு! பிரேக்கு! காதுல என்ன பஞ்சா?" என்று அவள் போடுகிற சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்போது, அந்தப் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். லென்ஸைத் தேய்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். காத்திருக்கிறவருக்கு அதற்குள் பவர் ஏறிவிடும், அவ்வளவு நிதானம். கல்யாணமான புதிதில் அவருக்கும் அவள் கார் கற்றுக்கொடுத்துப் பார்த்தாள். இரண்டாவது வகுப்பின் முடிவில் கார் ஒரு பூந்தொட்டிக் கடைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. "உங்களுக்கும் இதுக்கும் ஒத்துவராதுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து வாங்க, போதும்" என்று சொல்லிவிட்டாள். லைசென்ஸ் என்னவோ அவரிடம் இருந்தது. அது எப்படிக் கிடைத்தது என்பதைத் தெரு இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறது.

அக்காவின் இடது மார்பில் இருப்பது கெட்ட கட்டி, மார்பை முழுசாக எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டரம்மா சொன்னபோதும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் இருந்த டாக்டரம்மாவின் கண்ணாடியை எடுத்துத் தன் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்திருந்தார். டாக்டரம்மா அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

அக்காதான் பேசினாள். "ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப வண்டி குலுங்கினா வலிக்குமா?"

"வலிக்கும். தையல் இருக்கும், டியூப் இருக்கும். மெதுவா ஓட்டுறவங்களா பாத்துக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"டாக்சி பிடிச்சிக்கலாம்மா" என்றார் கண்ணாடிக்காரர், முதல் தடவையாக.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த ஊர் டாக்சிக்காரனுங்க பூராவும் என் ஸ்டூடண்ட்ஸ். எவன் எந்த மேட்டுல எப்படித் தூக்கிப் போடுவான்னு எனக்கு அத்துப்படி. தெரிஞ்சே போய் ஏறச் சொல்றீங்களா?" ஒரு நிமிஷம் யோசித்தாள். "நீங்க ஓட்டுறீங்க."

துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி அவர் கையிலிருந்து நழுவியது. நல்லவேளை, மடியில் விழுந்தது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் அந்த இடைப்பட்ட நாட்களைக் கவலைப்படுவதற்கென்று ஒதுக்கியிருப்பாள். அக்கா வேலைக்கென்று ஒதுக்கினாள். சமையலறை மேல்தட்டில் இருந்த டப்பா, பாத்திரமெல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கின. அப்புறம் கையைத் தூக்க முடியாதாமே. தலை வழியாக மாட்டுகிற உடுப்புகளெல்லாம் பெட்டிக்குள் போயின. முன்னால் பொத்தான் வைத்த சட்டைகள் கொடியில் ஆடின. அவ்வளவும் கண்ணாடிக்காரரின் பழைய சட்டைகள். உதவிக்கென்று வந்து இறங்கிய அவருடைய அக்காள், வாசலிலேயே, "ஐயோ, உனக்கா இப்படி ஆகணும்!" என்று ஆரம்பித்தாள். அக்கா பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "அண்ணி, அழுறதுன்னா இப்பவே அழுது முடிச்சிருங்க. ஆபரேஷனுக்கப்புறம் உங்களுக்கு நெறைய வேலை இருக்கு" என்றாள். அண்ணிக்கு வந்த அழுகை பாதியில் நின்றுபோனது. பாவம், அது தும்மலாக வெளியே வந்தது.

சாயங்காலம் ஆனால் வகுப்பு. பால்கனிகளில் துணி எடுக்கிற சாக்கில் தெருவே கூடிவிடும். காய்ந்த துணிக்குத்தான் அவ்வளவு பேர் வந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

"கார்ல ஏறிட்டா நீங்க எனக்குப் புருஷன் இல்ல. ஸ்டூடண்ட். புரிஞ்சுதா சார்?"

"புரிஞ்சுதும்மா."

"மேடம்."

"புரிஞ்சுது மேடம்."

பின்பார்க்கும் கண்ணாடியில் ஒரு சாவிக்கொத்தைத் தொங்கவிட்டாள். வண்டி நிற்கும்போது அது கிணுங்கினால் அன்றைய பாடம் தோல்வி. அக்காவின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவள் மிதித்தால் டேஷ்போர்டுக்குள் இருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் கிளம்பும். ஓட்டுகிறவருக்குக் கொஞ்சம் ரோஷம் வரட்டும் என்று அவளே வைத்த ஏற்பாடு. முதல் வாரம் தெரு முழுக்கச் சாவிக்கொத்தும் பீப்பும் சேர்ந்து கச்சேரி நடத்தின.

"பிரேக்க எதிரி மாதிரி மிதிக்காதீங்க சார். மெதுவா அழுத்துங்க. வண்டி நிக்கப்போற அந்தக் கடைசி நேரத்துல காலக் கொஞ்சம் விட்டுக்குடுங்க. அப்பதான் அது தலையாட்டாம நிக்கும்."

"விட்டுக்குடுத்தா நிக்காதே மேடம்?"

"விட்டுக்குடுத்தாத்தான் அழகா நிக்கும். குடும்பம் நடத்துறீங்க, இது தெரியலையா?"

அடுத்த வாரம் பீப் குறைந்தது. அதற்கடுத்து, நம்பினால் நம்புங்கள், நின்றே போனது. சாவிக்கொத்தும் வாயை மூடிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த மேடு பள்ளமெல்லாம் கண்ணாடிக்காரருக்கு மனப்பாடம். கடைக்கு வருகிறவர்களிடம், எதற்கும் சம்பந்தமில்லாமல், "பிரேக்குங்கிறது ஒரு கலைங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எழுத்துப் பலகையைப் படிக்க வந்தவர்கள் முழித்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "வண்டிய நிழல்லதானே விட்டிருக்கீங்க?" தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டியூப் இறங்கி, நுனியில் ஒரு சின்ன பாட்டிலில் சிவப்பாக நீர் சேர்ந்தது. அதை அளந்து சொல்லவேண்டிய வேலையைக் கண்ணாடிக்காரர் ஏற்றுக்கொண்டார். லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு பாட்டிலின் கோடுகளைப் படித்தார். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

ஆனால் கட்டு மாற்றுகிற நேரத்தில் மட்டும் மனிதர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். அது இல்லாவிட்டால் எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்றே அவருக்குத் தெரியாது. அக்கா அதைப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போகிற நாள். பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் வைக்க அக்கா முன்கூட்டியே தைத்து வைத்திருந்த சின்னத் தலையணை தயாராக இருந்தது. முன்சீட்டுக் கதவை அவர் திறந்து பிடிக்க, வழியனுப்ப வந்த நர்ஸம்மா தடுத்தார்.

"இங்க வேணாம்மா. இந்தப் பக்கம் பெல்ட் இடது தோள்லேர்ந்து நேரா ஆபரேஷன் பண்ணின எடத்து மேலயே வரும். டிரைவருக்குப் பின்னாடி உக்காருங்க. அங்க வலது தோள்லேர்ந்து வரும், சௌகரியமா இருக்கும்."

டப்பா வரைக்கும் இறக்கி வைத்தவளுக்கு இது தோன்றவே இல்லை. தோன்றாததில் ஆச்சரியமும் இல்லை. அந்தக் காரின் பின்சீட்டில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. முன்சீட்டைத் தவிரக் காரில் வேறு சீட்டும் உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவள் முகம் வெளிறியது. ஆபரேஷனுக்குப் போகும்போது கூட வெளிறாத முகம்.

நர்ஸம்மா உள்ளே போனதும், "என்னங்க, ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லும்மா."

"அந்த பீப் நின்னுச்சுல்ல? அது நீங்க நிப்பாட்டல. நான்தான் வயரக் கழட்டி விட்டேன்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீங்க சோர்ந்து போயிட்டீங்க. நாளும் கிட்ட வந்துருச்சு. சரி, எப்படியும் நான் பக்கத்துலதானே உக்காரப் போறேன்னு..."

"அப்ப நான் ஓட்டவே இல்லையா?"

"ஓட்டினீங்க. நிறுத்தினது நான்."

தூரத்தில் டாக்சி நிறுத்தம். அதில் இருந்த ஒருவன் அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டான். "இவன் ஸ்பீட் பிரேக்கரப் பாத்தா கண்ண மூடிக்குவான்" என்று முணுமுணுத்தாள். கண்ணாடிக்காரர் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "உனக்கு வலிச்சிரும்மா. அவனே வரட்டும்."

அக்கா இரண்டு பக்கமும் பார்த்தாள். சாலையைக் கடக்கிறவள் மாதிரிதான் பார்த்தாள். பிறகு பின்கதவைத் தானே வலது கையால் திறந்து, பாட்டில் போட்ட துணிப்பையைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு, தலையணையை அணைத்தபடி ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க சார்."

வண்டி கிளம்பியது. முதல் திருப்பம் வந்தபோது பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம். அவர் பதறி நிறுத்தினார். சாவிக்கொத்து கிணுங்கியது. "ஸ்ஸ்" என்றாள் அக்கா.

"என்னம்மா அது?"

"ஒண்ணும் இல்ல. என் காலு. இல்லாத பிரேக்க மிதிக்குது. நீங்க போங்க."

அடுத்த சிக்னலிலும் அவர் பிரேக்கில் காலை வைப்பதற்கு முன்னால் 'தொம்'. சந்தைப் பக்கத்து மேட்டிலும் 'தொம்'. லென்ஸின் ஓரத்தில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிறவர் அல்லவா, மனிதருக்குப் பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கால் தன்னைவிட ஒரு மூச்சு முந்துகிறது. அப்படியென்றால் அவள் பார்ப்பதைத் தான் இன்னும் பார்க்கவில்லை. இன்னும் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார். முன்னால் போகிற வண்டியை விட்டு அதற்கும் முன்னால் போகிற வண்டியை. மேட்டை விட்டு, மேட்டைப் பார்த்து வேகம் குறைக்கிற சைக்கிளை. மெதுவாக அழுத்தினார். கடைசியில் விட்டுக்கொடுத்தார்.

தபால் நிலையத்துத் திருப்பத்தில் வண்டி குறைந்து, திரும்பி, நேரான பிறகுதான் கவனித்தார். பின்னால் சத்தமே வரவில்லை. பள்ளிக்கூடத்து மேட்டிலும் வரவில்லை. ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து பின்பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார். தலையணையைக் கட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

தெருவுக்குள் அந்தக் கார் நுழைந்த வேகத்தைப் பார்த்தவர்கள் வண்டியில் பெட்ரோல் இல்லை, யாரோ பின்னால் இருந்து தள்ளுகிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். ஒரு பூனை அதைத் தாண்டி முன்னால் போனது. வீட்டு வாசலில் நின்றதே யாருக்கும் தெரியவில்லை, வண்டியில் இருந்தவளுக்கும்தான். அவளை எழுப்ப மனசில்லாமல் கண்ணாடிக்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு ஓடிவந்த அண்ணியை உதட்டில் விரல் வைத்து அடக்கினார். அண்ணி அடங்கியதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

அன்று சாயங்காலம் கட்டைச் சரிபார்க்கும் நேரம் வந்தது. அவர் கை வழக்கம்போல மூக்குக்கண்ணாடிக்குப் போனது.

"கழட்டாதீங்க" என்றாள் அக்கா.

"இல்லம்மா, அது..."

"மொத நாள் பாடம் என்ன? வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி?"

"சுத்திப் பாக்கணும்."

"பாருங்க."

பார்த்தார். ஒரு பக்கம் தட்டையாக, நீளமாக, இன்னும் சிவப்பு மாறாத ஒரு கோடு. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "தையல் நேரா இருக்கு" என்றார். "ஒரு இடத்துலகூட பிசகல."

"உங்க வாயிலேர்ந்து வர்ற பெரிய பாராட்டு இதுதான். டாக்டரம்மாகிட்ட சொல்றேன்" என்றாள் அக்கா. சிரித்தாள், சிரித்தது வலித்தது, வலித்ததற்காகத் திட்டினாள், அவரை.

டியூபை எடுத்தார்கள். வாசல் கதவை ஒட்டிய கூடத்துச் சுவரில் இடது கை விரல்களைப் பூச்சி மாதிரி மேலே மேலே நடக்கவிடுகிற பயிற்சி தினமும் நடந்தது. வலியில் முகம் கோணும். பக்கத்தில் நின்ற அண்ணி, "போதும், விடு கண்ணு" என்பாள். "இன்னும் கொஞ்சம் மேல பூட்டு இருக்குண்ணி, தொட்டுட்டு வந்துடறேன்" என்பாள் இவள். கதவின் மேல்பூட்டை விரல் தொட்ட அன்று, தொட்டதோடு நிற்காமல் அதைப் பூட்டியும் விட்டாள். வெளியே போயிருந்த கண்ணாடிக்காரர் வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருந்தார்.

ஓட்டலாம், கற்றுக்கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு, அவள் முதலில் வெளியே வந்த நாளைத் தெரு மறக்காது. எதையும் வைத்து நிரப்பாமல், ஒரு பக்கம் தட்டையான சட்டையோடு, தெரு நடுவில் நடந்து காருக்கு வந்தாள். அத்தனை பால்கனிக் கண்களும் சட்டையில்தான். அக்கா நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்தாச்சா? பாத்தாச்சுன்னா அவங்கவங்க துணிய எடுங்க, மழை வர்ற மாதிரி இருக்கு."

வானத்தில் ஒரு மேகமும் இல்லை. இருந்தாலும் எல்லோரும் துணியை எடுத்தார்கள்.

ஓட்டும் சீட்டில் கண்ணாடிக்காரர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் மெக்கானிக்கிடம் போய் ஒரு வேலை முடித்து வந்திருந்தார்.

"வயர மாட்டியாச்சு" என்றார்.

"எந்த வயரு?"

"பீப் வயரு. நீ மிதிச்சா தெருவுக்கே கேக்கணும்."

அக்கா அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். தலையணையை வைத்து, பெல்ட்டை மாட்டி, தன் பழைய இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். "எடுங்க சார்."

கார் தெருமுனை போய், சந்தையைச் சுற்றி, பள்ளிக்கூடத்து மேடு ஏறி இறங்கித் திரும்பி வந்தது. கூடவே ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தவர்கள் உண்டு, பெயர் வேண்டாம். அவர்கள் சத்தியம் செய்கிறார்கள், வழி நெடுக ஒரு பீப் கூட இல்லை. வாசலில் தலையாட்டாமல் வந்து நின்றது. சாவிக்கொத்து அசையவில்லை. கண்ணாடிக்காரர் எஞ்சினை அணைக்கக் கை நீட்டினார்.

'பீப்.'

அவர் முகம் விழுந்துவிட்டது. "இது எதுக்கும்மா? வண்டிதான் நின்னாச்சே?"

"தெரியும்" என்றாள் பிரேக்கக்கா. "என்னுது வேல செய்யுதான்னு பாத்தேன்."