முதல் பந்தியில் பெண்ணைப் பெற்றவர்

பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைப் பார்த்து என் மச்சான் சோலைமுத்து இரண்டு கையும் கூப்பி, "வாங்க சம்பந்தி, வாங்க. என்ன இம்புட்டு எளச்சுப் போயிட்டீக?" என்று கும்பிட்டார். வாழைமரம் பதில் சொல்லவில்லை. மச்சான் விடவில்லை. அதன் குலையை அன்போடு தடவி, "கோவமா?" என்றார். நிஜமான சம்பந்தி, சேவுகம்பட்டி நல்லுசாமி, அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பின்னாலேயே மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் இளைத்தவர் அல்ல. அவர் இறங்கியதும் பஸ் ஒரு சாண் உயர்ந்ததை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

அக்கா மகள் பெருமாயிக்குக் கல்யாணம். ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஆவணி மாதம். நான் அப்போது சாணார்பட்டி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். வாழைமரத்தோடு சம்பந்தம் பேசுகிற அளவுக்கு மச்சான் எப்படி வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்ல வேண்டுமானால், அவருக்குச் சர்க்கரை வியாதி வந்த கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அந்த நாளில் எங்கள் பக்கம் சர்க்கரை வியாதி என்பது மோட்டார் கார் மாதிரி. ஊருக்கு ஒன்று இருந்தாலே அதிகம். தக்காளியும் கத்தரியும் போட்டு, விடிந்ததிலிருந்து மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைத்த உடம்பு அவருடையது; அதில் எந்த வாசல் வழியாக அது நுழைந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மனிதர் ஒரு குடம் தண்ணீர் குடிப்பார், இரண்டு குடம் இறக்கி வைப்பார். திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குக் கீழே கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஆரோக்கியதாஸிடம் கூட்டிப் போனேன். அவர் ஒரு நீல மருந்தில் மச்சானின் சிறுநீரைச் சில சொட்டு விட்டு விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் அசல் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. அந்தச் செங்கலை வைத்து ஒரு மச்சு வீடே கட்டியிருக்கலாம்.

தினமும் ஊசி என்றார் டாக்டர். மனிதருக்கு ஊசி போடுகிறவர்கள் எல்லாம் டவுனில்தான் இருந்தார்கள். தினமும் ஊசி என்றால் தினமும் பஸ். தினமும் பஸ் என்றால் தக்காளி செடியிலேயே அழுகும். "ஏன்டா தம்பி, மாட்டுக்குப் போடுற கை மனுசனுக்குப் போடக்கூடாதா?" என்று கேட்டாள் அக்கா சிவனம்மாள். டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அரைமனதாகச் சொல்லிக் கொடுத்தார். மருந்துப் புட்டி குளிர்ச்சிக்காகத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரமணலில் புதைந்திருக்கும். காலையில் எடுத்து, கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்க வைத்துப் போடுவேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் மச்சானின் முதுகைத் தட்டி, "ஹோ... ஹோ..." என்று சொல்லிவிட்டேன். அவரும் பழகின காளை மாதிரி அசையாமல் நின்றார்.

இனிப்பைப் பற்றி மட்டும் டாக்டர் அரை மணி நேரம் பேசினார். சர்க்கரை விஷம், வெல்லம் விஷம், பனங்கற்கண்டு விஷம், மாம்பழம் மரத்தில் தொங்குகிற விஷம். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஊசி போட்டதும் நேரத்துக்குச் சாப்பிட்டுடணும்" என்றார். அந்த ஒரு வரியை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. சாப்பிடு என்று டாக்டர் சொல்லித்தானா மச்சான் சாப்பிட வேண்டும்? ஊசி போட்ட கையோடு ஒரு குண்டான் கேப்பைக்களியை, நாலு வகை வெஞ்சனத்தோடு, கூலியாள் வருவதற்குள் காலி பண்ணிவிட்டுக் கமலைக்குப் போகிறவர் அவர்.

அக்காவுக்கு அந்த முதல் அரை மணி நேரம் மட்டும் மந்திரம் மாதிரி மனசில் பதிந்துவிட்டது. ஊரையே காவல் போட்டாள். மச்சான் தெருவில் வந்தால் பலசரக்குக் கடைக்காரர் வெல்லத்தின் மேல் சாக்கைத் தூக்கிப் போட்டு மூடுவார். கோயிலில் சர்க்கரைப் பொங்கலை அவர் மூக்குக்கு நேராக ஒருமுறை காட்டிவிட்டு, பூசாரி அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அவர் வாய் அசைந்தால் போதும், சின்னப் பிள்ளைகள்கூட, "சோலைமுத்து மாமா, வாயத் தொறங்க" என்று சூழ்ந்துகொள்ளும். ஒருநாள் நின்று ஒரு மாம்பழத்தை ஏறிட்டுப் பார்த்ததற்கு அக்கா அடுத்த அமாவாசை வரைக்கும் அவரோடு பேசவில்லை.

கல்யாணத்தன்று விடிகாலையிலேயே ஊசியைப் போட்டுவிட்டேன். டாக்டர் கட்டளை, ஒருநாளும் தவறக்கூடாது. ஆனால் அன்று களி கிடையாது. பெண்ணைப் பெற்றவன் தாலி ஏறும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்க வேண்டும். தாலி ஏறினாலும் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, வெற்றிலை போட்டு, குறை சொல்லி முடித்த பிறகுதான் இலையில் உட்கார வேண்டும். அது எங்கள் கட்டளை. இரண்டு கட்டளையையும் ஒரே உடம்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்று டாக்டருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளை வீட்டு பஸ் நேரத்துக்கு வந்திருந்தாலாவது தப்பித்திருப்போம். அது செம்பட்டியில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. இங்கே மச்சானுக்கு வேர்க்க ஆரம்பித்தது. பட்டு வேட்டியைப் பிழிந்தால் ஒரு பாத்தி கத்தரிக்குப் பாய்ச்சலாம். கை நடுங்கியது. "மாப்ள, கொஞ்சம் வெல்லம் குடேன்" என்று என்னிடம் கெஞ்சினார். மகள் கல்யாணப் படபடப்பு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சமையல்கட்டுக்குப் போய் ஒரு வெல்ல உருண்டையைக் கைப்பற்றிவிட்டார். சமையல்காரர்கள், காய் நறுக்கினவர்கள், கோலம் போட்டவர்கள் எல்லோரும் விழுந்தடித்து ஓடி, விரல் விரலாகப் பிரித்து உருண்டையை மீட்டார்கள். "நல்ல நாளும் அதுவுமா வெசத்தத் திங்கப் பாத்தீகளே, எம்பொட்ட அழிக்கப் பாக்குறீகளா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் விரலை நக்கிப் பார்த்தார். அதையும் ஒருவர் ஈரத்துணியால் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் வாழைமரம்.

"ஏம்ப்பா, மதுவிலக்குச் சட்டம் ஒங்க ஊருக்கு இன்னும் வந்து சேரலையா?" என்று கேட்டார் நல்லுசாமி.

"அதெல்லாம் இல்லீக. அவுகளுக்கு ஒடம்புக்கு முடியல" என்றேன்.

"எனக்குந்தான் வாரத்துல ரெண்டு நாளு இதே ஒடம்புக்கு முடியாமப் போகுது. நான் என்ன மரத்தையா கும்புட்டுக்கிட்டு நிக்கிறேன்?" என்றவர், பந்தல் அதிர, "குடிகாரன் வீட்ல எனக்குப் பொண்ணு வேணாம். பஸ்ஸத் திருப்புங்கடா!" என்று ஒரு சத்தம் போட்டார். சிறுமலையில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

கழுத்தில் மாலையோடு பெருமாயி வெளியே வந்தாள். "எங்கப்பா குடிச்சிருந்தா எங்கம்மா அவர உசுரோட விட்டுருக்குமா?" என்று மாமனாரைப் பார்த்தே கேட்டாள். நல்லுசாமி என் அக்காவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கேள்வியில் நியாயம் இருப்பதாக அவருக்கே பட்டிருக்க வேண்டும். அதற்குள் மச்சான் வாழைமரத்தைக் கட்டிக்கொண்டே சரிந்து உட்கார்ந்துவிட்டார். கண் செருகியது. நான் ஓடிப்போய், தெரிந்த வைத்தியம் அதுதானே, காதைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. மாட்டுக்குக் காது குளிர்ந்தால் பால் காய்ச்சல். கன்று போட்டு எத்தனை நாளாச்சு என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். நல்லவேளை, நாக்கு நின்றது.

"போதை முத்திப்போச்சு" என்றார் நல்லுசாமி, அனுபவஸ்தர் குரலில். "அந்தப் பானகத்தக் கொண்டாங்க. சுக்கும் எலுமிச்சையும் உள்ள போனா செத்த நேரத்துல எறங்கிரும். நம்ம மானமும் இதுல இருக்குல்ல."

மாப்பிள்ளை வீட்டாருக்கென்று ஒரு அண்டா நிறையப் பானகம் கரைத்து வைத்திருந்தோம். அத்தனையும் அச்சுவெல்லம். அக்கா அண்டாவின் முன்னால் குறுக்கே போய் நின்றாள். "இதுல ஒரு சொட்டு அவரு தொண்டையில எறங்குனா எந்தாலி நெலைக்காது."

"நான் மாப்ள வீட்டுக்காரன் சொல்றேன்."

அதற்கு மேல் எங்கள் பக்கத்தில் சட்டம் கிடையாது. கொடுத்தால் புருஷன் போவான், கொடுக்காவிட்டால் மகள் கல்யாணம் போகும் என்று அக்கா நினைத்தாள். அவள் முகத்தை அப்போது பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை, நான்கூடச் சிரிக்கவில்லை. பெருமாயிதான் அம்மாவை மெல்ல நகர்த்திவிட்டுச் சொம்பை முக்கினாள். "காலையிலருந்து அவரு வெல்லம் வெல்லம்னுதான் கேக்குறாரும்மா. நாம யாராச்சும் ஏன்னு கேட்டமா?" என்றாள். அப்பாவின் தலையை மாலைக்கு மேலேயே சாய்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். முதல் மடக்கு வழிந்துவிட்டது. அடுத்த மடக்கை அவர் விழுங்கினார். பிறகு சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தச் சொம்பை அவரிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு அவர் சாவதற்காகக் காத்திருந்தாள். அவரோ கண்ணைத் திறந்து, "மாப்ள, பஸ் வந்துருச்சா? சம்பந்தியக் காணமே" என்றார்.

"பாத்தீகளா, எறங்கிருச்சு!" என்று நல்லுசாமி தொடையைத் தட்டினார். "என் வைத்தியம் தப்புமா? இப்ப என்ன சொல்றீக, குடிச்சது உறுதியாப் போச்சா இல்லையா?"

பிழைத்தவர் இப்போது குடிகாரராகிவிட்டார். "ஊதுங்க சம்பந்தி" என்று நல்லுசாமி குனிந்தார். மச்சான் ஊதினார். நல்லுசாமி கண்ணை மூடி, மூக்கை விரித்து, நீளமாக இழுத்தார். சுக்கு. ஏலக்காய். எலுமிச்சை. வேறு எதுவும் இல்லை. அவருக்கே நம்பிக்கை வரவில்லை. மச்சானின் காதருகே போய், எனக்குக் கேட்கிற ரகசியக் குரலில், "வாசமே இல்லாத சரக்கா இருக்கே. எங்க வாங்குனீக?" என்றார்.

டாக்டர் ஆரோக்கியதாஸ் பரிசுப்பொட்டலத்தோடு வந்து இறங்கியது அந்த நேரத்தில்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. நாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், காலிச் சொம்பைப் பார்த்தார். "இந்தப் பானகம் இல்லன்னா இன்னிக்கு ஆளே இல்லம்மா" என்றார் அக்காவிடம். ஊசி போய் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும், சாப்பாடு வராவிட்டால் இருக்கிற கொஞ்சத்தையும் தீர்த்துவிடும் என்று பந்தலுக்கே விளக்கினார்.

"அப்பச் சக்கர வெசமா, மருந்தா? ஒண்ணச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

"ரெண்டுந்தாம்மா."

இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டேன் என்கிறவனைப் பார்ப்பது மாதிரி அக்கா அவரைப் பார்த்தாள். டாக்டர் மச்சானின் பக்கம் திரும்பி, "நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னேன்ல, ஏன்யா சாப்பிடல?" என்று கடிந்துகொண்டார்.

"பொண்ணப் பெத்தவன் எப்பிடிய்யா மொதப் பந்தியில ஒக்காருவான்?" மச்சானின் குரல் இன்னும் தேறவில்லை, ஆனால் பேச்சு தேறியிருந்தது. "என்ன திங்கக் கூடாதுன்னு மணிக்கணக்காச் சொன்னீக. நான் எப்பத் திம்பேன், யாரு தின்ன பெறகு திம்பேன்னு ஒரு வார்த்த கேட்டீகளா? கல்யாணம், காதுகுத்து, சாவு விழுந்த துட்டி வீடு, கமலையில வடம் அந்து போற நாளு... எங்க வீட்டுச் சோத்துக்கு ஏதுய்யா மணி? ஊசிக்குத்தான் மணி."

டாக்டர் லண்டனில் அச்சான புத்தகமெல்லாம் படித்தவர் என்று ஊரில் சொல்வார்கள். அதில் எந்தப் பக்கத்திலும் துட்டி வீடு வரவில்லை போலிருக்கிறது. பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, மச்சானுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "சரி, நீங்க சொல்லுங்க. ஊசிய அதுக்குத் தக்கன மாத்துவோம். ஆனா தாலி ஏறுன அடுத்த நிமிசம் நீங்க சாப்பிட்டாகணும். பானகம் ரொம்ப நேரம் தாங்காது."

தாலி ஏறியது. முதல் பந்திக்கு இலை போட்டார்கள். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்தால் எங்கள் பக்கம் மழை நின்றுவிடும் என்று ஒருவர், குறி சொல்கிற கோடாங்கியைக் கேட்க வேண்டும் என்று இன்னொருவர். நல்லுசாமி எல்லோரையும் கையமர்த்தினார். "சம்பந்தி எம் பக்கத்துலதான் ஒக்காரணும். அவரு கை நனைக்காம நான் நனைக்க மாட்டேன்" என்று மச்சானைத் தோளோடு அணைத்துக் கூட்டிப்போனார். பந்தலே அவருடைய பெருந்தன்மையில் உருகியது. போகிற வழியிலும் அவர், "சும்மா சொல்லுங்க, சிறுமலச் சரக்குத்தானே?" என்று கேட்டுக்கொண்டே போனது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பரிமாறினார்கள். மச்சான் சாம்பாரையும் ரசத்தையும் ஒரு கை பார்த்தார். எதிர் வரிசையில் டாக்டர். எல்லோர் கண்ணும் சம்பந்திகளின் இலையில். அப்போது அக்காவே பாயச வாளியோடு வந்தாள். அன்றைக்கு அதை வேறு யார் கையிலும் கொடுக்க அவளுக்கு மனசில்லை. நல்லுசாமிக்கு ஊற்றினாள். மச்சானின் இலைக்கு முன்னால் வந்ததும் கரண்டி நின்றுவிட்டது.

"டாக்டரய்யா, ஊத்தட்டுமா, வேணாமா?"

டாக்டர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "அவரையே கேளுங்கம்மா" என்றார்.

அப்படி ஒரு வழி இருப்பது அக்காவுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பந்தி முழுக்க உருட்டின சோறு உருட்டினபடி நின்றது. மச்சான் பாயசத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு அவருடைய வலது கை இலையிலிருந்து மெல்ல மேலே எழுந்தது. கவிழ்ந்து போதும் என்று மறிக்கப் போகிறதா, குழிந்து வாங்கிக்கொள்ளப் போகிறதா என்று தெரியாமல், விரல்களில் ரசம் வழிய, கரண்டிக்குக் கீழே அந்தரத்தில் நின்றது.