கூண்டில் நலம் விசாரித்தவர்

நீதிமன்றப் படியேறும்போது வக்கீலம்மா பெயிண்டரிடம் மறுபடியும் சொல்லிவைத்தாள். "அண்ணே, உள்ள எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல நலம்தான் விசாரிப்பார். வாய் தவறிக்கூட நல்லா இருக்கேன்னு சொல்லிடாதீங்க. வலிக்குதுன்னு சொல்லுங்க."

"சரிம்மா," என்றார் பெயிண்டர். வாசல் காவலர் "சௌக்கியமா?" என்று கேட்டதும், "நல்லா இருக்கேன் தம்பி, நீங்க?" என்றார். வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

விபத்து வழக்குகளை நடத்தி நடத்தி அவள் கண்டது இதுதான்: அடிபட்டவர்களிடம் கேட்டால் வலியில் பாதிதான் வெளியே வரும், மீதியைத் தெரிந்துகொள்ள வீட்டுக்குப் போக வேண்டும். போனாள். ஒரு காலை முழுவதும் பெயிண்டர் வீட்டு நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து அவருடைய வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்புவதில்லை. இடது கையால் வாரிப் பழக்கமில்லை. சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக முடியாமல் தலையைச் சீப்பிடம் கொண்டுபோனார் மனிதர். "இப்படித்தான் வாரிக்கிறாரு. கேட்டா பழகிப்போச்சுங்கிறாரு," என்றாள் அவர் மனைவி. இந்த வழக்கை விடுவதில்லை என்று வக்கீலம்மா அன்றே முடிவு செய்தாள். காப்பீட்டு நிறுவனமோ ஆள் தேறிவிட்டார், தாராளமாக ஏணி ஏறலாம் என்று சாதித்தது. அது நிலைத்தால் நஷ்டஈடு கிடையாது. அந்தக் கையோடு ஏணியும் கிடையாது.

நிறுவனத்தின் மூத்த வக்கீல் தேனொழுகப் பேசியே ஆளைக் கவிழ்ப்பதில் பேர்போனவர். அன்று அவருக்குப் பல்வலி. ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருக்க, அதை உள்ளங்கையால் தாங்கியபடி குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"எப்படி இருக்கீங்க? உடம்பு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கேன் சார்."

தட்டச்சுக்காரி டக்டக்கென்று அடித்தாள். வக்கீலம்மா படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் வீண். மனிதர் அதோடாவது நிறுத்தினாரா? பழக்கதோஷம் விடவில்லை.

"நீங்க நல்லா இருக்கீங்களா சார்?"

"ம், நல்லா இருக்கேன்," என்றார் மூத்தவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே. தட்டச்சுக்காரி அதையும் அடித்தாள்.

வக்கீலம்மா எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "ஐயா, ரெண்டு பதிலும் பதிவுல அப்படியே இருக்கணும்னு கேட்டுக்கறேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் நல்லா இருக்காங்க."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மூத்தவர் ஆட்சேபிக்க வாயைத் திறந்தார், பல் விடவில்லை. வக்கீலம்மாவுக்குச் சந்தோஷத்தில் காதெல்லாம் சூடேறியது. துள்ளிக் குதிக்காமலிருக்க மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வீங்கிய கன்னத்தைப் பார்த்தார், பிறகு கூண்டின் பக்கம் திரும்பினார்.

தன்னால்தான் எல்லாம் கெட்டுவிட்டது என்று பெயிண்டருக்கு வியர்த்துக் கொட்டியது. இடது கையால் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கை நெஞ்சு வரை வந்து நின்றது. நீதிபதி பார்த்துக்கொண்டே இருக்க, அவர் மெல்லக் குனிந்து நெற்றியைக் கைக்குட்டைக்குக் கொண்டுபோனார்.